ஆறு பத்து வண்டி

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், எதிர் இலைக்காரர் யாராவது கேட்டுவிடுவார்: "ஏனுங் அம்மிணி, டூரிஸ்ட் வண்டியிலதான் காசுன்னு ஊரே சொல்லுது. இன்னும் எதுக்கு அந்த ரூட் பஸ்ஸைக் கட்டிட்டு அழுவறீங்க?" கேட்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர். அக்கறையாகத்தான் கேட்கிறார். ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இங்கே இடம் இருக்கிறது, சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஷெட் உடுமலைப்பேட்டையில். பொள்ளாச்சி – உடுமலை – பழனி தடத்தில் ரூட் பஸ்கள், சுற்றுலாவுக்கு இரண்டு கோச், ஒரு வேன். அப்பா ஒரே ஒரு பழைய வண்டியைப் பர்மிட்டோடு கைமாற்றி வாங்கித் தொடங்கியது. டூரிஸ்ட் பக்கம் என் காலத்தில் வந்தது. இரண்டும் ஒரே ஷெட்டில் நிற்கும், ஒரே மெக்கானிக் பார்ப்பார், டீசல் ஒரே பெட்ரோல் பங்கில். மற்றபடி அவை இரண்டும் இரண்டு தொழில்.

இந்தத் தடத்துக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஜி.டி. நாயுடு 1920-இல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான். அந்த ஒற்றை வண்டியிலிருந்துதான் யு.எம்.எஸ். என்கிற பஸ் கம்பெனி வளர்ந்தது. 1931-இல் நாச்சிமுத்துக் கவுண்டர் பொள்ளாச்சியில் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். ஏ.பி.டி. என்றால் இன்று எல்லோருக்கும் பார்சல்தான் ஞாபகம் வரும்; எங்கள் தாத்தா தலைமுறைக்கு அது பஸ். பிறகு அரசுமயம் வந்தது. 1972-இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பெரிய நிறுவனங்களின் பஸ்கள் அரசிடம் போயின, ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த சின்ன முதலாளிகள் தப்பினார்கள். தமிழ்நாட்டில் மஃபசல், அதாவது ஊர் விட்டு ஊர் போகும், தனியார் பஸ் தொழில் இன்றைக்கும் நாலு வண்டி, ஆறு வண்டிக்காரர்களின் தொழிலாக இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. பெரிதாக வளர்ந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் எங்கள் அப்பாவிடம் கடைசிவரை போகவில்லை. ஐந்தாவது வண்டி வாங்கலாம் என்றால் "வேண்டாம், கண்ணுல படும்" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரூட் பஸ் வைத்திருப்பவரிடம் உண்மையில் என்ன இருக்கிறது? வண்டி இல்லை. வண்டி எட்டு பத்து வருஷத்தில் பழசாகி ஓரம் கட்டிவிடும். இருப்பது பர்மிட். அந்தப் பர்மிட்டில் எழுதியிருக்கும் நேரம். உடுமலை பஸ் நிலையத்தில் போய் எங்கள் பஸ்ஸின் பேரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "ஆறு பத்து போயிருச்சுங்களா?" என்று கேட்டால் பூக்கடைக்காரம்மா முதல் டீ மாஸ்டர் வரை பதில் சொல்வார்கள். காலை 6.10-க்கு உடுமலையில் எடுத்துப் பொள்ளாச்சி போகும் வண்டி அது. பொள்ளாச்சியில் இறங்கிக் கோவை பஸ் பிடிக்கும் நர்சுகள், கோர்ட் குமாஸ்தா, கல்லூரிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பூ மூட்டைகள் என்று அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. மூன்றாவது ஜன்னல் யாருடையது என்பது எழுதாத சட்டம்.

இந்த நேரத்தைக் கடையில் வாங்க முடியாது. அரசுமயத் திட்டங்கள் இருக்கும் தடங்களில் புதிதாகத் தனியார் பர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏற்கெனவே இருப்பதைக் கைமாற்றி வாங்குவதுதான் வழி, அதற்கும் போக்குவரத்து அதிகாரியின் அனுமதி வேண்டும். நேரத்தை மாற்ற வேண்டும் என்றால் டைமிங் கான்ஃபரன்ஸ். அந்தத் தடத்தில் ஓடும் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். ஆட்சேபம் இல்லாமல் இருக்குமா? நான் முதன்முதலாகப் போன கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். அடுத்த வண்டிக்காரர் ஒருவர், எங்கள் அப்பா வயது, இரண்டு நிமிஷத்துக்காக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்து, "மனசுல வச்சுக்காத அம்மிணி, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால ஒருத்தன் போனா எனக்கு மடத்துக்குளத்துல ஏற ஆள் இருக்காது" என்றார். அது முழு உண்மை. முன்னால் போகிறவன் நிறுத்தத்தில் நிற்கிற பத்துப் பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான், பின்னால் வருகிறவன் டீசலை எரித்துக்கொண்டு வெறும் நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

பர்மிட்டின் வலிமை எனக்குப் புரிந்தது அப்பா இறந்தபோது. ராத்திரி காரியங்களுக்கு நடுவே எங்கள் பழைய டிரைவர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மிணி, நாளைக்கு ஆறு பத்து எடுக்கறதுங்களா, நிறுத்தறதுங்களா?" என்று கேட்டார். பர்மிட் அப்பா பெயரில். ஆள் போன பிறகு அந்தப் பர்மிட்டில் வண்டி ஓட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்திருந்த இன்னொரு பஸ் முதலாளிதான் தைரியம் சொன்னார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். பர்மிட்காரர் இறந்தால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு 3 மாதம் வரை அதே பர்மிட்டில் ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டுவிட வேண்டும். மறுநாள் வண்டி போனது. நாங்கள் சொல்லாமலே கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

இனி கணக்கு. தமிழ்நாட்டில் சாதாரண மஃபசல் பஸ்ஸுக்கு டிக்கெட் விலையை நாங்கள் வைப்பதில்லை, அரசாங்கம் வைக்கிறது. 2018 ஜனவரியில் கிலோமீட்டருக்கு 60 பைசா என்று ஏற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் 58 பைசாவாக இறக்கினார்கள். வருஷக்கணக்காக அந்த 58 பைசாவில்தான் ஓடுகிறோம். பொள்ளாச்சியிலிருந்து பழனி 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 55 சீட்டும் நுனி முதல் நுனி வரை நிறைந்து போனால், ஒரு நடைக்கு 2,000 ரூபாய் பக்கம் வரும். எங்கள் வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கும். அப்படியானால் ஒரு நடைக்கு 14 லிட்டர். டீசல் 65 ரூபாய் விற்ற 2018 தொடக்கத்தில் அது 900 ரூபாய்ச் செலவு. லிட்டர் 92 ரூபாயைத் தாண்டிய பிறகு 1,300. இது வண்டி நிறைந்து போனால். மத்தியானம் பதினொன்றரை மணி நடைக்குக் கால்வாசி சீட்டுக்கு ஆள் இருந்தால் அதுவே நல்ல நாள். மத்தியானக் காலி நடையைக் காலையும் மாலையும் தூக்கிச் சுமக்கின்றன. டயர், இன்சூரன்ஸ், காலாண்டு வரி, சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

அப்படியானால் காலியாகப் போகும் நடையை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். பர்மிட்டில் இருக்கிற நடையை ஓட்டித்தான் ஆக வேண்டும். அதோடு, மத்தியான வண்டி இல்லை என்று தெரிந்தால் காலையில் போகிறவர் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார். ஸ்கூட்டர் வாங்கியவர் திரும்பி வருவதே இல்லை. எங்களுக்குப் போட்டி அரசு பஸ் என்று ஊர் நினைக்கிறது. என்னைக் கேட்டால் மாதத் தவணையில் கிடைக்கும் ஸ்கூட்டர்தான் பெரிய போட்டி.

அரசு பஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒளிக்கிறேன் என்பார்கள். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எங்கள் தடத்தில் குறுக்கே ஏறி நாலு நிறுத்தம் தாண்டி இறங்கும் பெண்கள், பெரும்பாலும் மில்லுக்கும் பண்ணைக்கும் போகிறவர்கள், டவுன் பஸ்ஸுக்கு மாறினார்கள். கலெக்ஷன் குறைந்தது. கண்டக்டர்கள் புலம்பினார்கள், சங்கத்தில் கூட்டம் போட்டார்கள், நானும் போனேன். ஆனால் ஒரு நாளைக்குப் போக வர இருபது ரூபாய் மிச்சமானால் மாதம் ஐநூறு ரூபாய் ஒரு வீட்டில் நிற்கிறது. என் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவிடம் போய் அந்தத் திட்டம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் குறை வேறு. பஸ்ஸை இலவசம் ஆக்கினால் அந்தப் பணத்தை அரசு தன் கழகங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. அதே தடத்தில், அதே ஜனங்களை, அரசு வைத்த விலைக்கு ஏற்றிப் போகும் எங்களுக்கு டிக்கெட் விலையையாவது அவ்வப்போது பார்க்க வேண்டாமா?

ஆட்கள் விஷயம் இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. தனியார் பஸ் பேய் மாதிரிப் போகிறது என்று திட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கலெக்ஷனில் ஒரு பங்கு. கலெக்ஷன் ஏறினால் அவர்கள் கைக்கு ஏறும். அதனால்தான் முன்னால் போகிற வண்டியைப் பிடிக்கத் துரத்துகிறார்கள். அதை ஒழித்துவிட்டு மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? ஓட்டம் நிதானமாகும், உண்மை. ஆனால் கோமங்கலம்புதூரில் கை காட்டி ஓடி வருகிற பாட்டிக்காக வண்டி நிற்காது. நின்றால்தான் என்ன, நிற்காவிட்டால்தான் என்ன, சம்பளம் வருமே! எங்கள் வண்டிகளில் இப்போது பெரும்பங்கு சம்பளம், சின்னப் பங்கு கலெக்ஷன் என்று வைத்திருக்கிறோம். அந்தச் சின்னப் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. அதிகமானால் ஹாரன் சத்தம் கூடுகிறது. குறைந்தால் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எனக்கே போன் பண்ணுகிறார்கள்.

அப்புறம் ஜிபே வந்தது. கண்டக்டர் கழுத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறைச் சண்டை பாதி ஒழிந்தது, சந்தோஷம்தான். ஆனால் இந்தத் தொழில் ரொக்கத்தில் மூச்சு விட்டுப் பழகியது. பையில் இருக்கும் பணத்தில் டீசல் போட்டு, பேட்டா எடுத்துக்கொண்டு, மீதியை ராத்திரி கணக்கோடு கொடுப்பார்கள். இப்போது பாதிப் பணம் என் வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடுகிறது. சாயங்காலம் டிரைவர் போன் பண்ணி, "கையில காசில்லீங், பேட்டா அனுப்புங்" என்கிறார். நான் திருப்பி அனுப்புகிறேன். அனுப்புகிற பணம் சில சமயம் அவர் மனைவியின் போனுக்குப் போகிறது. இதனால் பேட்டாவின் உண்மையான அளவு பல வீடுகளில் வெளியே தெரிந்துவிட்டது என்பது ஷெட்டில் பெரிய சோகம்.

இனி டூரிஸ்ட் பக்கம். இங்கே நேரம் கிடையாது, ஸ்டேஜ் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஒரு பார்ட்டி முழு வண்டியையும் வாடகைக்கு எடுக்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது இவ்வளவு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா தனி, டோலும் பார்க்கிங்கும் பார்ட்டி செலவு. விலை நாங்கள் வைப்பது. கேட்கவே இனிமையாக இருக்கும். ஆனால் நாங்கள் வைக்கும் விலையை எதிர் ஷெட்காரர் இரண்டு ரூபாய் குறைத்து வைப்பார். தவணையில் கோச் வாங்க யாருக்கும் தடை இல்லை. பர்மிட் பணம் கட்டினால் கிடைக்கும். யாரும் வரலாம் என்கிற தொழிலில் எல்லோரும் வருகிறார்கள். சீசன் இல்லாத மாதத்தில் தவணை கட்டுவதற்காகவே அடக்க விலைக்குக் கீழே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நின்றால் தவணை நிற்காதே.

டூரிஸ்ட் வண்டிக்குப் பஞ்சாங்கம்தான் பர்மிட். கார்த்திகை ஒன்று முதல் மகரவிளக்கு வரை சபரிமலை. மார்கழியில் மேல்மருவத்தூர். தையில் பழனி, கூடவே முகூர்த்தங்கள். பங்குனியில் உத்திரம். பள்ளிக்கூடம் விட்டதும் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. ஆனியோடு முகூர்த்தம் முடிந்து ஆடி வந்தால் கோச்சுகள் இரண்டும் ஷெட்டில் முகம் பார்த்து நிற்கும். புரட்டாசியில் பெருமாள் கோயில் பார்ட்டிகள் கொஞ்சம் எழுப்பிவிடுவார்கள். இடையிடையே கல்லூரிக்காரர்கள் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சொல்லிக் கேட்பார்கள். கம்பெனி ஒரு மணி நேரம், கடற்கரை இரண்டு நாள்.

தைப்பூசத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. லட்சக்கணக்கில் ஜனங்கள் பழனிக்கு நடந்தே வருகிறார்கள். எங்கள் சாலையின் ஓரம் பத்து நாளைக்குப் பச்சையும் காவியும்தான். நடந்து போகிறவர் டிக்கெட் எடுக்கப்போவதில்லை. ஆனால் திரும்பும்போது யாரும் நடப்பதில்லை. பழனியிலிருந்து வருகிற எல்லா வண்டியும் கூரை பிதுங்க வரும், பழனிக்குப் போகிற வண்டி காலியாகப் போகும். கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போவதால் ஒரு நடைக்கு இரண்டு நடை நேரம் ஆகும். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் போலீஸ் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் டைமிங் என்ற பேச்சே கிடையாது. வருஷமெல்லாம் இரண்டு நிமிஷத்துக்குச் சண்டை போடும் டைம் கீப்பர்கள் அன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்து அன்னதானம் சாப்பிடுவார்கள்.

ரூட்டில் ஓட்டுகிற டிரைவரை டூருக்கு அனுப்பக் கூடாது என்பது நான் சீக்கிரமே கற்றது. ஒருமுறை ஆள் இல்லாமல் ரூட் அண்ணன் ஒருவரை நவக்கிரகக் கோயில் டூருக்கு அனுப்பினேன். திருநள்ளாற்றில் பார்ட்டி தரிசனத்துக்குப் போய்விட்டு வர மூன்று மணி நேரம். இவருக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திப் பழக்கமில்லை. கோயில் வாசலுக்கே போய் நின்று "டைம் ஆச்சுங், டைம் ஆச்சுங்" என்று கூப்பிட்டிருக்கிறார். சனீஸ்வரன் சன்னிதியிலேயே அவசரப்படுத்துகிறாரே என்று பார்ட்டிக்காரர் எனக்குப் போன் செய்தார். டூர் டிரைவர் வேறு பிறவி. காத்திருக்கத் தெரிய வேண்டும். கிடைத்த இடத்தில் தூங்கத் தெரிய வேண்டும். வண்டிக்குள் ஆடுகிற இளவட்டங்களிடம் கோபப்படாமல் பேசத் தெரிய வேண்டும். உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகும் சாலையில், ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் யானை குறுக்கே நின்றால், ஹாரன் அடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டு அது நகரும்வரை பொறுத்திருக்கத் தெரிய வேண்டும். ரூட் டிரைவருக்கு ஹாரன் அடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

தூக்கம் பற்றிச் சொன்னேன். 2022 அக்டோபரில் கேரளத்தில், எங்களுக்கு எல்லை தாண்டினால் வரும் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன சுற்றுலா பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கேரளத்தில் சுற்றுலா பஸ்களுக்கு வெள்ளை நிறத்தைக் கட்டாயமாக்குவதில் கெடுபிடி காட்டினார்கள், கலர் விளக்குகளைக் கழற்ற வைத்தார்கள். எனக்கு நிறத்தைவிட முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: பள்ளிக்கூடக்காரர்கள் முதல் முறையாக "டிரைவர் முந்தின நாள் எங்கே போயிருந்தார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. ராத்திரி முழுக்க ஓட்டி, பகலெல்லாம் வண்டிக்குள் வெயிலில் படுத்து, மறுபடி ராத்திரி ஓட்டும் டூரில் அந்த எட்டு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? இரண்டு டிரைவர் போட்டால் வாடகை கூடுகிறது, பார்ட்டி அடுத்த ஷெட்டுக்குப் போகிறது. ராத்திரிப் பயணம் இருந்தால் இரண்டு டிரைவர் என்பதில் நான் இறங்கி வருவதில்லை. அதனால் போன பார்ட்டிகள் போனவைதான்.

விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சபரிமலை கோச்சுகள் நிலக்கல்லில் நிற்கின்றன, அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ். பம்பை வரை கூட்டிப் போவதாகச் சொன்னாயே என்று குருசாமிகள் எங்களிடம் கோபித்துக்கொள்வார்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ். அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். மலையின் நிலைமையைப் பார்த்தவள் என்ற முறையில் அது சரிதான் என்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு "நாளைக்கு ஊட்டி, வண்டி இருக்குங்களா?" என்று கேட்கிற பார்ட்டிக்கு அதை விளக்கிச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

இவ்வளவு தலைவலியில் இரண்டையும் ஏன் வைத்திருக்க வேண்டும்? ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி கல்லூரி விடுமுறை, ரூட் பஸ்ஸில் கலெக்ஷன் விழும். கோச்சுகள் அப்போதுதான் ஓடும். ஆடியில் கோச் நிற்கும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் ரூட் நிறையும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட ரூட் பஸ்ஸை நிறுத்தி, ஸ்பிரிங் பட்டை மாற்றி, சீட் தைத்து, பெயிண்ட் அடிக்கும் செலவு பெரும்பாலும் சபரிமலைப் பணம். ரூட் பஸ்ஸின் டயருக்கு ஐயப்பன்தான் கடன் கொடுக்கிறார் என்று எங்கள் மெக்கானிக் சொல்வார். ஆனால் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கைக்குப் பணம் தருவது ரூட்தான். கோச் கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்கும், இல்லையென்றால் மாதக்கணக்கில் ஒன்றும் தராது.

கொரோனா இதை எனக்குச் சந்தேகமில்லாமல் காட்டியது. 2020 மார்ச் கடைசியில் எல்லாம் நின்றது. ஜூனில் 60 சதவீத இருக்கையோடு ஓட்டலாம் என்றார்கள். அந்தக் கணக்கு மேலே சொன்ன 58 பைசாவில் எப்படிக் கட்டும்? பெரும்பாலான தனியார் வண்டிகள் எடுக்கவில்லை. ஜூலையில் மறுபடி நிறுத்தம். செப்டம்பர் 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் ஓட அனுமதி வந்தபோதுதான் எங்கள் தடத்துக்கு உயிர் வந்தது, ஏனென்றால் பொள்ளாச்சி கோவை மாவட்டம், உடுமலை திருப்பூர், பழனி திண்டுக்கல். முதல் நாள் ஆறு பத்தில் ஆள் குறைவு. ஒரு மாதத்தில் நர்சுகள் வந்தார்கள், பூ மூட்டை வந்தது, மெல்லக் கூட்டம் திரும்பியது. கோச்சுகளோ அதற்கு அப்புறமும் நின்றன. ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தது, வட்டியைத் தள்ளுபடி செய்யவில்லை. கோச்சுக்கு ஓடாத காலத்துக்கும் சேர்த்து வட்டி கட்டியது ரூட் பஸ் பணம். வெறும் கோச் மட்டும் வைத்திருந்த எங்கள் பக்கத்து ஷெட்காரர் அவற்றை விற்றுவிட்டு இப்போது தேங்காய் வியாபாரம் செய்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார், எங்களைவிட நிம்மதியாக.

இப்போது ஆறு பத்துக்குப் புது வண்டி வாங்க வேண்டிய நேரம். வங்கியில் அதிகாரி, கோச் வாங்குங்கள் மேடம், திருப்பிக் கட்டும் திறன் நன்றாகத் தெரிகிறது என்றார். ரூட்டுக்கு என்று சொல்லிக் காகிதம் கொடுத்தேன். பயம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வரும், புகை விதி இறுகிய பி.எஸ்.6 வண்டிகள் நின்று நின்று போகிற ரூட்டுக்குக் கோபித்துக்கொள்கின்றன. புகையை வடிகட்டும் பகுதியில் கரி சேரும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் அது தானே எரிந்து சுத்தமாகும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றால் எரியாது. ஓரமாக நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு எரிக்க வேண்டும். ஷெட்டில் "யூரியா" என்று சொல்லும் திரவம் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பழைய வண்டியைச் சுத்தியலும் கம்பியும் வைத்து ஓட வைத்த எங்கள் மெக்கானிக், இப்போது லேப்டாப் பையனுக்காகக் காத்திருக்கிறார். அதற்காக அவர் அந்தப் பையனை மன்னிக்கவே இல்லை.

புது வண்டியின் சேசிஸ், அதாவது பாடி கட்டாத அடிச்சட்டம், கரூரில் நிற்கிறது. பாடி கட்டுகிறவர் சீட்டை இரண்டுக்கு இரண்டாகப் போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்கிறார். மூன்றுக்கு இரண்டுதான் என்று சொல்லிவிட்டேன், 58 பைசாவுக்கு லட்சணம் கட்டுபடியாகாது. பின்படியைக் கொஞ்சம் அகலமாகவும், விதி அனுமதிக்கிற அளவுக்குத் தாழ்வாகவும் கேட்டிருக்கிறேன், பூ மூட்டைக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும். பாட்டுப் பெட்டி விஷயத்தை டிரைவரும் கண்டக்டருமே நேரில் போய்ப் பேசிவிட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் பதிவு முடிந்து வண்டி வர வேண்டும். மார்கழிக் கடைசியில் எடுத்துக்கலாம் என்கிறார்கள். கரூரில் மார்கழிக் கடைசி என்றால் தை பாதி என்று கணக்கு வைத்துக்கொண்டு, பழைய வண்டிக்கு இன்னொரு ஜோடி டயர் சொல்லியிருக்கிறேன்.